இந்த வேலை யாருடைய வேலை? வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பஸ்ஸும் ஒழுங்கையும், வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் அஸ்வெசும உதவிப்பணமும்தான் கூட. பல கடிதங்களில் முறைப்பாடு நியாயமாக இருக்கிறது, ஆனால் போய்ச் சேர்ந்த கந்தோர்தான் பிழை. அதனால் எந்த வேலை யாருடைய பொறுப்பு என்பதையும் தேவையான பதில்களில் சொல்கிறோம்.

நகரில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறேன். இரவு ஏழு மணிக்குத்தான் விடுவார்கள். எங்கள் ஊருக்கான கடைசி பஸ் ஏழேகாலுக்கு. கிழமையில் இரண்டு மூன்று நாள் அது வருவதே இல்லை. ஓட்டோவுக்குக் கொடுத்தால் அன்றைய உழைப்பில் பாதி போய்விடும். பலரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. இனி யாரிடம் சொல்வது?
வாசகி, கைதடி

முதலில் அந்த ஓட்டம் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று பாருங்கள். சிவப்பு பஸ் என்றால் இலங்கை போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சாலைதான், அதாவது டிப்போதான் பொறுப்பு. யாழ். மாவட்டத்தில் கோண்டாவில், பருத்தித்துறை, காரைநகர் ஆகிய இடங்களில் சாலைகள் உள்ளன. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் என்றால், அதற்கு வழித்தட அனுமதி கொடுப்பது வட மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. கொழும்புக்கு ஓடும் 87 போன்ற மாகாணம் தாண்டும் சேவைகள் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ் வரும். தொலைபேசியில் சொல்வதென்றால் ஆணைக்குழுவுக்கு 1955, இ.போ.ச.வுக்கு 1958. பிரதேச சபையிடம் போய் பஸ்ஸைக் கேட்டுப் பயனில்லை. தரிப்பிடத்துக் கொட்டகை வேண்டுமானால் அவர்களிடம் கேட்கலாம், ஓட்டம் அவர்கள் கையில் இல்லை.

ஒரு நேரத்துக்கு அனுமதி வாங்கிய பஸ் அந்த நேரத்தை விட்டால், அது அனுமதிப்பத்திர நிபந்தனையை மீறுவது. உங்கள் கடிதம் இதைச் சொல்ல வேண்டும். "அடிக்கடி வருவதில்லை" என்று எழுதினால் "விசாரிக்கிறோம்" என்பதோடு முடிந்துவிடும். பத்து வேலை நாட்களுக்கு ஒரு கொப்பியில் ஐந்து நிரல் போட்டுக் குறியுங்கள்: திகதி, அட்டவணை நேரம், வந்த நேரம் அல்லது வரவில்லை, பஸ்ஸின் இலக்கம், காத்து நின்ற ஆட்கள் எத்தனை பேர். கடைசி நிரலை விட்டுவிட வேண்டாம். "ஆட்கள் இல்லை, அதனால் ஓடவில்லை" என்ற பதில்தான் முதலில் வரும். அதற்கு மறுமொழி அந்த நிரலில் இருக்கும். அதே பஸ்ஸை நம்பி நிற்பவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் இரவு முறை மாறுபவர்களோ மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளோ இருந்தால் அவர்களுடைய வேலைத்தலத்தின் அல்லது வகுப்பின் கடிதத்தையும் சேருங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியிலேயே ஒட்டி வையுங்கள். பிரதிகளைப் பிரதேச செயலருக்கும் மாவட்ட செயலகத்துக்கும் அனுப்புங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் போக்குவரத்து பேசப்படும்போது கையில் எண்ணிக்கையோடு ஒரு கடிதம் இருந்தால்தான் யாராவது அதை வாசிப்பார்கள்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். "இன்ன வழித்தடத்தில் மாலை 6 மணிக்குப் பின் புறப்பட அனுமதிக்கப்பட்ட ஓட்டங்களின் அட்டவணையும், கடந்த மூன்று மாதத்துக்கான நேரக்கணிப்பாளர் பதிவும் தேவை" என்று பொறுப்பான நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால், அல்லது மௌனமாக இருந்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. ஒரு சிறு எச்சரிக்கை: "ஏன் பஸ் வருவதில்லை?" என்று கேட்க வேண்டாம். இந்தச் சட்டத்தில் கேட்கக்கூடியது அவர்களிடம் இருக்கும் பதிவைத்தான்.

கடைசி பஸ் ஏன் இப்படி ஆகிறது? போகும்போது நிறைந்து போனாலும் திரும்பி வரும்போது வெறும் பஸ்தான். தனியார் பஸ்ஸில் சாரதிக்கும் நடத்துநருக்கும் பெரும்பாலும் அன்றைய வசூலில்தான் பங்கு. வெறும் பஸ்ஸை ஓட்டி வர அவர்களுக்கு மனமில்லை. ஆகவே "ஒழுங்காக ஓடுங்கள்" என்று மட்டும் கேட்காமல், அந்த பஸ் இரவு உங்கள் ஊரிலேயே நின்று காலை முதல் ஓட்டத்தை அங்கிருந்து தொடங்கட்டும் என்று கேளுங்கள். இரவு வெறுமையாகத் திரும்பும் ஓட்டமும், காலையில் வெறுமையாக ஊருக்கு வரும் ஓட்டமும் இல்லாமல் போகும். பஸ் நிறுத்தப் பாதுகாப்பான வளவும், சாரதியும் நடத்துநரும் தங்க ஓர் இடமும் ஊர்ச் சனசமூக நிலையம் காட்டினால் கோரிக்கைக்குக் கனம் கூடும்.

யாழ். பருத்தித்துறை வீதியில் இரண்டு பஸ் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போகும். பிறகு நெடுநேரம் ஒன்றும் வராது. இதற்கு முடிவே இல்லையா?
வாசகர், நெல்லியடி

இருக்கிறது. அதற்குப் பெயர் இணைந்த நேர அட்டவணை. தனியாருக்கு 60, இ.போ.ச.வுக்கு 40 என்ற விகிதத்தில் ஒரே அட்டவணையில் நேரங்களைப் பிரித்துக் கொடுப்பது. ஒரு மணித்தியாலத்தில் ஆறு பஸ் என்றால் பத்து நிமிடத்துக்கு ஒன்று புறப்பட வேண்டும். இரண்டு தரப்பும் தத்தம் அட்டவணையில் ஓடினால், அதே ஆறு பஸ் மூன்று சோடியாகப் புறப்பட்டு, இருபது நிமிட இடைவெளி விழும். முன்னால் போகிறவன் எல்லாத் தரிப்பிடத்திலும் ஆட்களை ஏற்றிப் பிந்துவான், பின்னால் வருகிறவன் வெறுமையாக வந்து எட்டிப் பிடிப்பான். அங்கேதான் துரத்தல் தொடங்குகிறது. வீதியில் உயிர் போவதும் அங்கேதான்.

இரு தரப்பும் ஒரே நிலையத்தில், ஒரே நேரக்கணிப்பாளரின் கீழ் புறப்படாவிட்டால் கடதாசியில் எவ்வளவு அழகான அட்டவணை இருந்தும் பயனில்லை. எந்த நிலையத்தில் யார் நிற்பது என்ற இழுபறி வடக்கில் பல ஆண்டாக நடக்கிறது. இரு பக்கத்துத் தொழிலாளருக்கும் தங்கள் நியாயம் உண்டு. ஆனால் வெயிலில் நிற்கும் பயணிக்கு பஸ்ஸின் நிறம் முக்கியமில்லை. நேரக்கணிப்பாளர் இரு தரப்பிலும் சம்பளம் வாங்காத ஒருவராக, மாகாண அதிகாரசபையின் ஆளாக இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

நடத்துநர் மிச்சக் காசு தருவதில்லை. கேட்டால் ஏசுகிறார்.
வாசகி, மானிப்பாய்

ரிக்கற்றைக் கேட்டு வாங்குங்கள். ரிக்கற் இல்லாத முறைப்பாட்டில் சாட்சி இல்லை. கட்டணம் கட்டணப் பிரிவுகளின்படி கணக்கிடப்படும். நீங்கள் ஏறிய பிரிவும் இறங்கிய பிரிவும் தெரிந்தால் கட்டணப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். அரைச் சொகுசு பஸ்ஸில் சாதாரண கட்டணத்தின் ஒன்றரை மடங்கு எடுப்பார்கள். ஏறுமுன் முன்கண்ணாடியில் உள்ள பலகையைப் பாருங்கள். கட்டணம் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் மீளாய்வு செய்யப்படுவதால், அந்த மாதத்தில் பழைய பட்டியலை வைத்துச் சண்டை பிடிக்க வேண்டாம்.

என் கணவர் காலமாகிவிட்டார். இரண்டு பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கும் ஒருவருடைய ஓடு போட்ட, மாபிள் பதித்த கல்வீட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறேன். அஸ்வெசும கிடைக்கவில்லை. பக்கத்தில் சொந்தக் காணி உள்ளவர்களுக்குக் கிடைக்கிறது. விதானையார்தான் வெட்டிவிட்டார் என்கிறார்கள். உண்மையா?
வாசகி, கோப்பாய்

விதானையார் ஒருவரே வெட்டவோ சேர்க்கவோ முடியாது தங்கச்சி. அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கியது, நடத்துவது நலன்புரி நன்மைகள் சபை. வருமானத்தை மட்டும் பார்ப்பதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்று ஆறு பரப்பில் 22 குறிகாட்டிகள். வீட்டுக்கு வந்த உத்தியோகத்தர் பதிந்ததற்குப் புள்ளி போட்டு, அந்தப் புள்ளியின்படி குடும்பம் எந்த வகை என்று தீர்மானமாகும். 2025 தொடக்கத்திலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா.

உங்கள் கடிதத்தில் பிரச்சினை தெளிவாகத் தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் இது பரவலாக நடப்பது. பதிவு செய்தவர் கண்டது அந்த வீட்டை. அது உங்களுடையது அல்ல என்று படிவத்தில் சரியாக ஏறாவிட்டால், வீடும் சொத்தும் உங்கள் கணக்கில் விழுந்திருக்கும். மின்சாரப் பாவனையும் அப்படித்தான். வீட்டுக்காரர் விடுமுறையில் வந்து குளிரூட்டி போட்ட மாதத்துப் பட்டியல் உங்கள் தலையில் ஏறிவிடக்கூடும்.

மேன்முறையீட்டுக்கு இவற்றைச் சேருங்கள். வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து, நீங்கள் வாடகையின்றிப் பராமரிப்புக்காக இருக்கிறீர்கள் என்ற கடிதம். அவர் பெயரில் உள்ள சோலைவரிப் (உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வீட்டுவரி) பற்றுச்சீட்டின் பிரதி. கடந்த ஆறு மாத மின்பட்டியல். கணவரின் மரணச் சான்றிதழ். பிள்ளைகள் படிப்பதாகப் பாடசாலைக் கடிதம். யாராவது கிளினிக்குக்குப் போகிறவர்கள் என்றால் கிளினிக் கொப்பியின் பிரதி. பிரதேச செயலகத்தில் நலன்புரிப் பிரிவில் கொடுத்து, மேன்முறையீட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். அந்த இலக்கம் இல்லாமல் வீடு திரும்ப வேண்டாம். 1924 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் நிலைமையைக் கேட்கலாம்.

மேன்முறையீடு வேறு, ஆட்சேபனை வேறு. எனக்குத் தகுதி இருக்கிறது என்பது மேன்முறையீடு. அவருக்குத் தகுதி இல்லை என்பது ஆட்சேபனை. பக்கத்து வீட்டைச் சுட்டிக்காட்டி நேரத்தைச் செலவிடுவதை விட உங்கள் பதிவைத் திருத்துவதே பலன் தரும். அவர்களுடைய காணி தரிசாகக் கிடக்கலாம், வீட்டில் நோயாளி இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துப் புள்ளி தெரியாது.

தெரிவான பிறகும் காசு வந்து சேராதவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்குதான். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. பழைய ஒன்பது இலக்க அட்டை எண்ணோடு திறந்த கணக்கு, படிவத்தில் புதிய பன்னிரண்டு இலக்கம். அல்லது நெடுநாள் பாவிக்காமல் செயலிழந்த கணக்கு. வங்கிக்கு அட்டையைக் கொண்டுபோய்ப் பெயரையும் எண்ணையும் ஒன்றாக்கி, புத்தகத்தின் முதற்பக்கப் பிரதியைச் செயலகத்தில் கொடுங்கள். வீட்டில் 70 வயது தாண்டிய பெரியவர் இருந்தால் முதியோர் கொடுப்பனவு (2025இல் 5,000 ரூபாவாக்கப்பட்டது) பற்றியும் அன்றைக்கே விசாரியுங்கள். இரண்டாம் தரம் பஸ் ஏறாமல் முடியும்.

சோலைவரி கட்டாமல் விட்டால் என்ன? சபை எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே.
வாசகர், சாவகச்சேரி

நிலுவை ஏறும், காணி கைமாறும்போது அங்கே வந்து நிற்கும். முழு ஆண்டுக்குரியதை ஜனவரி 31க்கு முன் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. காலாண்டாகக் கட்டுபவருக்கு அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் நூற்றுக்கு ஐந்து. கட்டிய பற்றுச்சீட்டோடு போய்க் கேட்பவரின் குரலுக்கு வேறு பலம் உண்டு.

எங்கள் வட்டாரத்தில் நாங்கள் வாக்களித்தவர் வென்றார். அவருடைய கட்சிதான் சபையில் கூடிய ஆசனமும் எடுத்தது. ஆனால் தவிசாளர் வேறு கட்சி. இது என்ன முறை?
வாசகர், சுன்னாகம்

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். 25 பேர் கொண்ட சபை, 15 பேர் வட்டாரங்களில் நேரடியாக வெல்பவர்கள், 10 பேர் கட்சிகள் கொடுத்த பெயர்ப் பட்டியலிலிருந்து வருபவர்கள். செல்லுபடியான வாக்கு 10,000 என்றால் ஓர் ஆசனத்தின் பெறுமதி 400 வாக்கு. நான்கு கட்சி: 4,000, 3,200, 2,000, 800. அப்படியென்றால் வாக்கு விகிதப்படி அவற்றுக்கு உரித்தான ஆசனம் 10, 8, 5, 2. முதற்கட்சி ஏழு வட்டாரத்தில் வென்றால் பட்டியலிலிருந்து மூன்று பேர். இரண்டாம் கட்சியும் ஏழில் வென்றால் ஒருவர். மூன்றாவது ஒரு வட்டாரம் வென்று நான்கு பேரைப் பட்டியலில் எடுக்கும். நான்காவது ஒன்றிலும் வெல்லாமல் இரண்டு பேரை அனுப்பும். உரித்தை விடக் கூடுதல் வட்டாரம் ஒரு கட்சி வென்றால் அதைப் பறிக்க மாட்டார்கள், சபையின் உறுப்பினர் தொகை கூடும்.

இந்தச் சபையில் யாருக்கும் பாதிக்கு மேலான 13 ஆசனம் இல்லை. ஆகவே முதல் அமர்வில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தவிசாளரைத் தெரிவார்கள். எட்டு ஆசனக் கட்சியும் ஐந்து ஆசனக் கட்சியும் சேர்ந்தால் பத்து எடுத்த முதற்கட்சி வெளியே. யாழ். மாநகர சபையில் 45 பேர், 2018இலும் 2025இலும் எந்தக் கட்சிக்கும் தனித்து 23 கிடைக்கவில்லை. இப்படி அமைந்த ஆட்சி ஒவ்வொரு ஆண்டும் பாதீட்டு வாக்கெடுப்பில் ஆடும். 2020 டிசம்பரில் யாழ். மாநகர சபையின் பாதீடு இரு தடவை தோற்று முதல்வர் பதவியிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

வாக்காளருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. தேர்தலுக்கு முன்னரே, "பெரும்பான்மை கிடைக்காவிட்டால் யாரோடு சேர்வீர்கள்?" என்று வேட்பாளரிடம் கேளுங்கள். மாதாந்த அமர்வைப் பார்வையாளர் பகுதியில் இருந்து பாருங்கள். மாகாண சபைக்கு 2013 செப்டெம்பருக்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை, அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து ஆளுநரின் கீழ் நிர்வாகம் நடந்து வருகிறது. பிரதேச சபை ஒன்றுதான் நாங்கள் நேரில் போய் முகம் பார்த்துக் கேட்கக்கூடிய சபை. அதை வெறுமையாக விட்டுவிடக் கூடாது.

கொழும்பிலிருந்து வந்த அரச கடிதம் முழுக்கச் சிங்களத்தில். மொழிபெயர்க்கக் காசு கேட்கிறார்கள்.
வாசகி, வேலணை

நீங்கள் தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. கடிதத்தின் பிரதியோடு "இதன் தமிழ் வடிவத்தை அனுப்பவும்" என்று இரண்டு வரி எழுதி அதே கந்தோருக்கு அனுப்புங்கள். அதில் ஏதாவது இறுதித் திகதி குறித்திருந்தால், தமிழ்ப் பிரதி கிடைத்த நாளிலிருந்து கணக்கிடும்படி கேளுங்கள். பதில் வராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

எங்கள் குச்சொழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டு ஒரு மாரி கூடப் போகவில்லை, வெடித்துவிட்டது. வெள்ளம் இப்போது வளவுக்குள் வருகிறது. முன்னர் மணல் ஒழுங்கையாக இருந்தபோது கூட இப்படி இல்லை.
வாசகர்கள் ஐவர், இணுவில்

A9, காங்கேசன்துறை வீதி போன்றவை வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையவை. C, D தரத்து வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. ஒழுங்கைகள் சபையுடையவை, அதுவும் சபையின் வீதிப் பதிவேட்டில் ஏறியிருந்தால்தான். உங்கள் ஒழுங்கை பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தனியார் காணி வழியே போகும் பாதைக்குச் சபைக் காசு செலவிட முடியாது. இரு பக்கத்துக் காணிக்காரரும் எழுதிக் கொடுத்த பிறகுதான் அது பொதுப்பாதையாகும்.

வெடிப்புக்குக் காரணங்கள் பெரும்பாலும் நான்கு. அடியில் கிரவல் போட்டுத் தண்ணீர் தெளித்து உருளையால் இறுக்காமல், மணலின் மேலேயே ஊற்றுவது. கலவைக்குத் தண்ணீர் கூட விடுவது, பரப்ப இலகு என்பதற்காக. ஊற்றிய பின் ஏழு நாளாவது ஈரச் சாக்குப் போட்டு நனைக்காமல், எங்கள் வெயிலில் அப்படியே காய விடுவது. இடையிடையே மூட்டு வெட்டாமல் ஒரே நீளத்துக்கு ஊற்றுவது. நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய படத்தில் வெடிப்பு குறுக்காக, ஏறக்குறையச் சம தூரத்தில் விழுந்திருக்கிறது. அது மூட்டு இல்லாததால் வந்தது. விளிம்பு உடைந்து இறங்கியிருக்கும் இடம் அடி இறுகாதது.

வெள்ளம் வேறு சங்கதி. பழைய மட்டத்தைத் தோண்டி இறக்காமல் அதன் மேலேயே அடியும் கொங்கிறீற்றும் போட்டதால் ஒழுங்கை உங்கள் வளவை விட உயர்ந்துவிட்டது. மணலாக இருந்தபோது குடித்த தண்ணீரை இப்போது தள்ளிவிடுகிறது. ஒரு பக்கமாகச் சரிவு வைத்து, அந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டி, அது ஊர்க் குளத்துக்கோ வெள்ள வாய்க்காலுக்கோ போய்ச் சேர வேண்டும். வாய்க்கால் இல்லாத கொங்கிறீற் ஒழுங்கைக்குச் சம்மதம் கொடுக்கவே கூடாது.

இப்போது செய்ய வேண்டியது: ஒப்பந்தக்காரருக்குரிய காசில் ஒரு பகுதியைப் பிடிபணமாக வைத்திருப்பார்கள், குறைபாடு திருத்தும் காலம் முடிந்த பின்தான் அதை விடுவிப்பார்கள். அந்தக் காலம் முடியுமுன் எழுத வேண்டும். ஒப்பந்தத்தின் பிரதி, அளவுப் பட்டியல், வேலை முடிந்த திகதி, பிடிபணம் விடுவிக்கப்பட்டதா என்ற விபரம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடம் கேளுங்கள். அளவுப் பட்டியல் கைக்கு வந்ததும் உடைந்த விளிம்பில் அடிமட்டம் வைத்துக் கொங்கிறீற்றின் தடிப்பை அளந்து, அடிமட்டம் தெரியும்படி படம் எடுங்கள். பட்டியலில் உள்ள தடிப்புக்கும் படத்தில் உள்ளதற்கும் வித்தியாசம் இருந்தால் உங்கள் கடிதம் அந்த ஒரு வரியோடு நின்றாலே போதும். படத்தையும் பட்டியலையும் தவிசாளருக்கும் செயலாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் ஒரே நாளில் கொடுத்து, மூவரிடமும் கிடைத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். ஐப்பசி மழை பிடிக்க முன், ஒழுங்கையின் பள்ளமான முனையில் தற்காலிகமாக ஒரு மண் வாய்க்காலாவது வெட்டித் தரும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். அதற்குப் பெரிய செலவும் இல்லை, தனியான கேள்விப்பத்திரமும் தேவைப்படாது.